ஊத்து வளைவு

கள்ளக்குறிச்சியில் அந்த வண்டிச் சாமான் கடைக்கு வருகிறவர்கள் முதலில் ருக்ஷானாவைப் பார்ப்பார்கள். அப்புறம் அவளைத் தாண்டிப் பின்னால் பார்ப்பார்கள். "மெக்கானிக்கு யாரும்மா?" என்று கேட்பார்கள். நான்தான் என்றால் சிரிப்பார்கள். அவர்கள் சிரித்து முடிக்கும்வரை அவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். "முடிஞ்சிதா? இப்ப வண்டிக்கு இன்னான்னு சொல்லுங்க" என்பாள். பாதிப் பேர் சொல்வார்கள். மீதிப் பேர் அவளுடைய அத்தா ஷேக் பரீத் வரட்டும் என்று எதிர் டீக்கடைக்குப் போய்விடுவார்கள்.

அந்த வியாழக்கிழமை காலை வந்த இரண்டு பேரும் சிரிக்கவில்லை. அவளும் கையைக் கட்டிக்கொள்ளாமல் வண்டியைப் பார்த்தாள்.

கல்வராயன் மலையிலிருந்து அம்சவள்ளியும் அவள் புருஷன் வீரமுத்துவும் ஜீப்பில் வந்து இறங்கியிருந்தார்கள். அந்த ஜீப்பை ஒன்பது நாளுக்கு முன்னால்தான் ருக்ஷானா கழுவித் துடைத்து, சாவியை அம்சவள்ளியின் கையில் கொடுத்து அனுப்பியிருந்தாள்.

"பிரேக்க மிதிச்சா கால ஒதைக்குது பாய்" என்றார் வீரமுத்து, கல்லாவில் உட்கார்ந்திருந்த ஷேக் பரீத்தைப் பார்த்து. "கழுதகிட்ட கால நீட்டுனாப்ல இருக்குது."

"மிதிச்சது நீங்க, போட்டது நானு" என்றாள் ருக்ஷானா. "என்கிட்ட சொல்லுங்க. அவரு கல்லாவப் பாத்துக்குவாரு."

"யார்கிட்ட சொன்னா இன்னா கண்ணு, ஆடுது" என்றாள் அம்சவள்ளி. குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. "பழசே தேவலாம்னு இவரு ஒரே பாட்டு. அந்தப் பழைய சாமானெல்லாம் கெடக்குதுல்ல? அதயே திரும்பிப் போட்டுக் குடுத்துடு."

ஷேக் பரீத் கல்லாவிலிருந்து திரும்பினார். கடைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டாய்ப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் ருக்ஷானாவுக்குத் தெரியும். வெங்காய மண்டி அன்சர் அந்தக் கொட்டாயைக் குடோனுக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். அத்தா இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பேச்சுப் பேசி வைத்திருந்தார். இந்த ஜீப்பு மலை ஏறி இறங்கி நல்ல பேர் வாங்கினால் கொட்டாய் ருக்ஷானாவுக்கு. வாங்காவிட்டால் வெங்காயத்துக்கு.

அந்தக் கொட்டாயில்தான் அவள் வண்டி வேலை பார்த்தாள்; அது போனால் அவளுக்கு வேறு இடம் இல்லை. அந்த வீட்டில் காலேஜ் படியை மிதித்த முதல் ஆள் அவள். முதல் பட்டதாரி என்று ஒரு சான்றிதழ் வாங்கத் தாலுகா ஆபீசுக்கு ஏழு நடை நடந்திருக்கிறாள். நான்கு வருடம் மெக்கானிக்கல் படித்தாள். லேப்பில் பையன்கள் ஸ்பேனரைப் பிடித்தார்கள், பெண்கள் ரெக்கார்டு நோட்டைப் பிடித்தார்கள். முடித்ததும் ஓசூரில் ஒரு கம்பெனி, பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி போல்ட்டுகளை எண்ணச் சொன்னது. ஆறு மாதம் எண்ணினாள். "எண்ணுறதுக்கு எதுக்குடா என்ஜினீயரு" என்று சூப்பர்வைசர் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டாள்.

ஆகவே இந்த ஜீப்பு அவளுக்கு வெறும் ஜீப்பு அல்ல. எழுபத்து நாலாம் வருட வண்டி. அம்சவள்ளியின் அப்பா ராணுவ ஏலத்தில் எடுத்தது. மூன்றே கியர். அதிலும் முதல் கியர் வண்டி நின்றால்தான் விழும், ஓட்டத்தில் போட்டால் பல் உதிரும். முன்சக்கரத்தில் பழைய காலத்து டிரம் பிரேக்கு. மூடிய சட்டிக்குள் கட்டை உரசி நிறுத்துகிற சாமான். இறக்கத்தில் சூடேறிவிட்டால் மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது. நாற்பது நாள் அந்த வண்டியோடு கிடந்தாள். சேலத்தில் பழைய இரும்புக் கடை கடையாக ஏறி இறங்கிப் பிற்காலத்து ஜீப்பு ஒன்றின் ஐந்து கியர் பெட்டியைக் கண்டுபிடித்தாள். அதைப் பழைய வண்டியில் பொருத்த லேத்துப் பட்டறையில் தகடு கடைந்து வாங்கினாள். பெட்டி நீளம் என்பதால் பின்சக்கரத்துக்குப் போகும் தண்டைக் குறைத்து, முன்சக்கரத்துத் தண்டை நீட்டி, தரைத் தகட்டை வெட்டித் திரும்ப ஒட்டினாள். முன்னால் டிரம்மைக் கழற்றி ஓரம் வைத்துவிட்டு டிஸ்க் பிரேக்கு போட்டாள். சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு, அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற கேலிப்பர். லேத்துக்காரர் நாற்பது நாளில் நாற்பது தரம் கேட்டார், தகட்டுக்கு வரைபடம் யார் போட்டது என்று.

வேலை முடிந்ததும் கோமுகி அணைவரை ஓட்டிப் பார்த்தாள். நினைத்த இடத்தில் நின்றது. அணையோடு திரும்பிவிட்டாள். மலை ஏறவில்லை.

இப்போது சக்கரத்தைக் கழற்றினாள். இரும்புத் தட்டில் நீலம் நீலமாகத் திட்டு விழுந்திருந்தது. அளவுமானியை வைத்துச் சுற்றினால் முள் தலையாட்டியது. தட்டு எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. இரண்டு பக்கமும்.

"இத இன்னா பண்ணீங்க?"

"ஓட்டுனேன்" என்றார் வீரமுத்து. "வேற இன்னா பண்ணுவாங்க? கட்டிப் புடிச்சிக்கினா தூங்குவாங்க?"

அவள் நெளிந்த தட்டுகளைக் கழற்றி ஓரமாக வைத்தாள். அத்தாவின் அலமாரியில் இருந்த ஒரே ஜோடித் தட்டை எடுத்து மாட்டினாள். மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூடப் போகவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு அம்சவள்ளி முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா, நாளைக்கு நானும் மேல வரேன். மூட்ட ஏத்திக்கினு ஒரு தரம் எறங்குவோம். அப்பவும் ஒதைச்சா பழசயே போட்டுத் தரேன். என் கையாலயே."

அம்சவள்ளி ஜீப்பிலிருந்து தன் பையை எடுத்துக்கொண்டாள். "சரி. ராத்திரிக்கு எங்க நாத்தனா வூட்ல தங்கிக்கிறோம். விடிகால கெளம்பிடணும்."

"நாளைக்கு சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்துக்கு அன்சர் லாரியோட வரான்" என்றார் ஷேக் பரீத், கல்லாவிலிருந்து தலையைத் தூக்காமல். "நான் வரச் சொல்லிட்டேன் மா. அதுக்குள்ள வந்துடு."

மறுநாள் இருட்டோடு தாஹிரா மகளுக்குத் தக்காளிச் சோறும் அவித்த முட்டையும் கட்டிக் கொடுத்தாள். "மலைக்குப் போற, கோவத்த வூட்லயே வச்சிட்டுப் போ" என்றாள்.

"வச்சிட்டுப் போனா அதுக்கு யாரு சோறு போடுறது?" என்று தூக்குவாளியை வாங்கிக்கொண்டாள் ருக்ஷானா.

ஏற்றம் நன்றாகவே இருந்தது. கச்சிராயபாளையம் தாண்டி, அணை தாண்டி, வளைவுகள் தொடங்கியதும் ஜீப்பு மூச்சு வாங்காமல் ஏறியது. "ஏத்தத்துல கொற சொல்ல மாட்டேன்" என்றார் வீரமுத்து. அதற்கு மேல் பாராட்ட அவருக்கு வாய் வரவில்லை. கரியாலூருக்கு அந்தப் பக்கம் அவர்கள் காட்டில் குச்சிக்கிழங்கு மூட்டைகள் தயாராகக் கட்டிக் கிடந்தன. எட்டு மூட்டை ஏற்றினார்கள். பக்கத்துக் காட்டுச் சாலம்மாள் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கண் காட்ட வேண்டும் என்று வந்து நின்றாள்.

"இந்தப் பொண்ணா பிரேக்கு போட்டுச்சி?" என்று ருக்ஷானாவை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப நான் பின்னால கடேசில ஒக்காந்துக்கிறேன். குதிக்கிறதுக்குத் தோதா இருக்கும்."

"குதிக்கிறதுன்னா முன்கூட்டியே சொல்லுங்க" என்றாள் ருக்ஷானா. "மூட்டய தள்ளி வச்சி எடம் பண்ணித் தரேன்."

சாலம்மாள் பல் தெரியச் சிரித்தாள்.

இறக்கம் தொடங்கியது. ருக்ஷானா முன்னால், அம்சவள்ளிக்கும் கியர்த் தண்டுக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்து வீரமுத்துவின் காலையே பார்த்தாள். மூன்றாவது கியரில் வந்தார். பழைய பெட்டியில் இரண்டாவதில் வருகிற அதே சத்தம் புதுப் பெட்டியில் மூன்றாவதில்தான் வரும். காது சொன்னபடி கை போட்டிருந்தது. கால் மட்டும் பிரேக்கை விட்டு எழுந்திருக்கவே இல்லை. நாலாவது வளைவில் லேசாகக் கருகல் நாற்றம் வந்தது. ஏழாவது வளைவில் நன்றாகவே வந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வாயை மூடியிருந்தாள். அவர் தினம் எப்படி ஓட்டுகிறாரோ அப்படியே ஓட்டட்டும், பார்த்துவிடலாம் என்று.

பாறையிலிருந்து தண்ணீர் கசிந்து சின்னக் குட்டையாகத் தேங்கும் ஒரு வளைவில் வீரமுத்து வண்டியை ஓரம் கட்டினார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. முன் பம்பரில் பற்றவைத்திருந்த கம்பி வளையத்திலிருந்து ஐந்து லிட்டர் கேனை உருவினார். குட்டையில் முக்கி நிரப்பினார். நேராக முன்சக்கரத்துக்கு வந்து குனிந்தார்.

ருக்ஷானா எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. கேனின் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துவிட்டாள். நாலைந்து சொட்டுத் தெறித்துச் சக்கரத்துக்குள் விழுந்தது. காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த சத்தம் கேட்டது.

"இன்னா பண்றீங்க?"

"தண்ணி ஊத்துறேன்."

"எதுக்கு?"

சோறு எதற்குத் தின்கிறாய் என்று கேட்டவளைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார். "காயுது பாரு. வுடு பாப்பா."

"ஒரு சொட்டு ஊத்தக் கூடாது."

"எல்லா ஜீப்பும் இங்க நின்னு ஊத்திட்டுத்தான் போவும்" என்று பின்னாலிருந்து சொன்னாள் சாலம்மாள். "அதான் ஊத்து வளைவு. ஊத்தாம போனா நேரா அணையில போயி நிக்கும். தண்ணிக்குள்ள."

"இந்த ஒம்பது நாளும் ஊத்துனீங்களா?"

"ரெண்டு பக்கமும். முழுக் கேனு" என்றார் வீரமுத்து, பெருமையாகவே.

கொதிக்கிற தட்டின் மேல், மலைத் தண்ணீர், முழுக் கேன். தட்டு நெளியாமல் என்ன செய்யும்? திட்டுவதற்கு வாய் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. பம்பரில் இருந்த அந்த இரண்டு கம்பி வளையங்கள் அவள் கண்ணில் பட்டன. நாற்பது நாளும் அவை அங்கேதான் இருந்தன. ஒன்று லூசாக ஆடியது என்று அவளேதான் திரும்பப் பற்றவைத்தாள். கேன் எதற்கு என்று கேட்கவில்லை. ரேடியேட்டருக்காக இருக்கும் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் யாராவது முடிவு கட்டினால் அவளுக்கு உச்சந்தலை காயும். அவளும் அதையேதான் செய்திருந்தாள்.

"தப்பு என்னுது" என்றாள். "இந்தக் கேனு எதுக்குன்னு நான் கேட்டிருக்கணும். கேக்கல."

வீரமுத்து கேனை விட்டுவிட்டார்; அவள் அதை நிரம்பியபடியே வளையத்தில் மாட்டினாள். அம்சவள்ளி வண்டியிலிருந்து இறங்கி வந்தாள்.

"மெக்கானிக்குங்க வாயில இந்த வார்த்த வந்து இன்னிக்கித்தான் கேக்குறேன்" என்றாள். "சரி, தப்பு ஒன்னுது. வண்டி என்னுது. இப்ப இன்னா பண்றது, அதச் சொல்லு."

"சூடா இருக்கிற கண்ணாடி டம்ளர்ல பச்சத் தண்ணி ஊத்துனா இன்னா ஆவும்?"

"வெடிக்கும்."

"அதேதான். பழசு மூடுன சட்டி, மேலதான் நனையும். இது தொறந்த தட்டு. ஊத்துனா நெளியும், இல்லன்னா விரியும்."

"அப்ப காஞ்சா இன்னா பண்றதாம்?" என்றார் வீரமுத்து.

"காயவே கூடாதுண்ணா. வண்டியப் புடிக்க வேண்டியது கியரு. நீங்க எல்லாத்தையும் காலாலயே புடிக்கிறீங்க. ஏன் ரெண்டாவது போடல?"

அவர் குட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்சவள்ளிதான் சொன்னாள். "பத்து வருசம் இருக்கும். அதோ, அந்தக் கீழ் வளைவுலதான். எறக்கத்துல வண்டி நிக்கலன்னு மொதக் கியரப் போட்டாரு. பல்லு ஒடஞ்சி வண்டி அவுத்து வுட்ட மாடாட்டம் ஓடுச்சி. மலையில மோதி நிறுத்துனாரு. காற எலும்பு போச்சி. அன்னிலேர்ந்து எறக்கத்துல கியரு மேல கைய வைக்க மாட்டாரு. கும்புட்டுக்கினேதான் வருவாரு."

"பெருமயா சொல்லு" என்றார் வீரமுத்து.

சாவியைக் கொடுங்கள், நான் ஓட்டுகிறேன் என்று சொல்ல ருக்ஷானாவுக்கு நாக்கு துடித்தது. லைசென்ஸ் இருந்தது. கையும் ஊறியது. ஆனால் அவள் ஓட்டி இறக்கினால் இன்று ஒரு நாள் இறங்கும். திங்கட்கிழமை திரும்ப இவர்தானே ஓட்ட வேண்டும்? இவர் காலும் கையும் நம்பாதவரை இந்த வண்டிக்கு எந்தப் பெட்டி மாட்டினாலும் பழைய பெட்டிதான்.

"மொதல்ல ஆறட்டும்" என்றாள். "சாப்புடலாம்."

தட்டு தானாக ஆறும்வரை பாறை நிழலில் உட்கார்ந்து தக்காளிச் சோறு தின்றார்கள். ருக்ஷானா தன் முட்டையைச் சாலம்மாளுக்குக் கொடுத்தாள். கீழே கச்சிராயபாளையம் வெயிலில் கிடந்தது. எங்கேயோ ஜும்மா தொழுகை முடிந்திருக்கும். அன்சர் லாரியில் மூட்டை ஏறிக்கொண்டிருக்கும். அவசரப்பட்டுப் பயனில்லை. சூட்டுக்கு அவசரம் தெரியாது.

ஊத்து வளைவைத் தாண்டியதும் கொஞ்ச தூரம் சமதரை வரும். அங்கே சொன்னாள்: "இங்க போட்டுப் பாருங்கண்ணா, ஓட்டத்துலயே. ஒடஞ்சா மண்ணுல ஏத்தி நிறுத்திக்கலாம். ஒடஞ்சதுக்கு நான் ஜவாப்பு."

வீரமுத்து அம்சவள்ளியைப் பார்த்தார். அம்சவள்ளி ரோட்டைப் பார்த்தாள். அவர் கிளட்ச்சை மிதித்து, தோள்பட்டையைக் குறுக்கிக்கொண்டு, தண்டைப் பின்னால் இழுத்தார். சின்னதாக ஒரு 'டக்'.

"வுழுந்துடிச்சா?"

"வுழுந்துடிச்சி."

"சத்தமே காணம்?"

"சத்தம் வேணும்னா பழசயே மாட்டித் தரேன்."

பின்னால் சாலம்மாள் சிரித்த சிரிப்பில் மூட்டை ஒன்று சரிந்தது. வீரமுத்து மூன்றுக்குப் போனார், திரும்ப இரண்டுக்கு வந்தார். இன்னொரு தரம். இன்னும் ஒரு தரம். புதுச் செருப்புப் போட்டவன் வாசலிலேயே நடந்து நடந்து பார்ப்பதுபோல.

பிறகு இறக்கம். என்ஜின் ஒரு சீரான உறுமலோடு வண்டியைப் பிடித்து வைத்திருந்தது. எட்டு மூட்டையும் நாலு ஆளும் பின்னாலிருந்து தள்ள, அது தன் பாட்டுக்கு நடந்தது. அவருடைய கால் முதல் இரண்டு வளைவுக்குப் பிரேக்கு மேலேயே தயாராக நின்றது. அவருக்குக் காறை எலும்பு போன கீழ் வளைவு வந்தது. ஒரே ஒரு மிதி மிதித்தார். மிதி உதைக்கவில்லை. வண்டி குனிந்து, திரும்பி, நிமிர்ந்தது. அதற்கப்புறம் கால் மெல்லப் பின்னால் வந்து தரையில் உட்கார்ந்தது.

"காலுக்கு வேலயே இல்லியே" என்றார், பாதி தனக்குத்தானே.

"ஆட்டிக்கினு வா" என்றாள் அம்சவள்ளி.

சாலம்மாள் கிழங்கு மூட்டையில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். அணைக்கட்டுப் பக்கம் நிறுத்தியதும் ருக்ஷானா இறங்கிப் போய்ச் சக்கரத்துக்குள் விரலை நீட்டினாள். டீ குடித்து முடித்த கிளாஸ் அளவு சூடு. வீரமுத்துவும் வந்து, அவளை நம்பாமல் தன் விரலையும் நீட்டிப் பார்த்தார். அந்தப் பக்கச் சக்கரத்துக்கும் போய்ப் பார்த்தார். பிறகு ஏறிக்கொண்டார்.

சாலம்மாளை ஆஸ்பத்திரி வாசலில் எழுப்பி இறக்கிவிட்டுக் கடைக்கு வந்தபோது பள்ளிவாசலில் அஸர் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்சருடைய லாரி ஏற்கெனவே வந்து நின்றது. நாலு மூட்டை கொட்டாய்க்குள் போயிருந்தது. வாசலெல்லாம் வெங்காயத் தோல்.

"வா மவளே" என்றார் அன்சர், நல்ல மனசோடுதான். "ஒன் ஸ்பேனரெல்லாம் ஓரமா எடுத்து வச்சிருக்கேன். ஒண்ணும் காணாம போவல."

ருக்ஷானாவுக்குத் தொண்டையில் ஒரு கெட்ட வார்த்தை வந்து நின்றது. ஷேக் பரீத் அவளைத் தாண்டி வீரமுத்துவைப் பார்த்தார். "எப்படிங்க வண்டி?"

வீரமுத்து ஜீப்பின் கதவைச் சாத்தினார். ஒரு தரத்துக்கு இரண்டு தரம் சாத்தினார்.

"அவங்களக் கேளுங்க பாய்" என்றார். "போட்டது அவங்க."

ஷேக் பரீத்துக்குப் புரியவில்லை. அம்சவள்ளி எடுத்துக் கொடுத்தாள். "ஊத்து வளைவுல தண்ணி ஊத்தல பாய். கேனு அப்படியே இருக்குது பாருங்க, ரொம்பி."

முப்பது வருடமாக மலை ஜீப்புகளுக்குப் பிரேக்குக் கட்டை விற்ற மனுஷனுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. பம்பரில் தளும்பிய கேனைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கொட்டாய்க்குள் போனார். வெளியே வந்தபோது தோளில் ஒரு வெங்காய மூட்டை இருந்தது. இடுப்பு வலி என்று பத்து வருடமாகக் குடம் தூக்காத ஆள்.

"இன்னா பாய் பண்றீங்க?" என்றார் அன்சர். "பேசுனீங்களே?"

"அவகிட்ட மொதல்ல பேசுனேன்" என்றார் ஷேக் பரீத், மூச்சிரைக்க. "லாரிய திருப்பு. சங்கராபுரம் ரோட்ல எங்க மச்சான் குடோனு காலியா கெடக்குது, நானே வந்து பேசித் தரேன்."

"அத்தா, எறக்கு. இடுப்பு புடிச்சிக்கினா ராத்திரி யாரு எண்ண தேய்க்கிறது?"

"நீதான். கையில எப்பவும் கிரீஸு இருக்குதே."

மீதி மூன்று மூட்டையை அவளும் வீரமுத்துவும் வெளியே எடுத்துப் போட்டார்கள். அன்சர் கொஞ்ச நேரம் முணுமுணுத்தார். பிறகு அவரே லாரியின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். ருக்ஷானா ஸ்பேனர்களை ஓரத்திலிருந்து எடுத்து ஒவ்வொன்றாக அதனதன் ஆணியில் மாட்டினாள். கோபப்பட ஏதாவது இருக்கிறதா என்று மனசுக்குள் தேடிப் பார்த்தாள். பதினெட்டாம் நம்பர் ஸ்பேனரை யாரோ பத்தொன்பதின் ஆணியில் மாட்டியிருந்தார்கள். அவ்வளவுதான் அகப்பட்டது.

தாஹிரா கேனிலிருந்த தண்ணீரில் பாதியை ஊற்றி டீ போட்டாள். ஊத்துத் தண்ணீருக்கு டீ நன்றாக நிறம் பிடித்தது. எல்லாரும் ஜீப்பைச் சுற்றி நின்றபடியே குடித்தார்கள்.

குடித்து முடித்ததும் வீரமுத்து கேனைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார். "தண்ணி கம்மியா இருக்குது. குழாயில ரொப்பிக் குடு பாப்பா, வழிக்கு வேணும்."

ருக்ஷானா கிளாஸைக் கீழே வைத்தாள். "எதுக்கு?" என்றாள். இந்தத் தடவை கேட்டுவிட்டாள்.

"ரேடியேட்டருக்குத்தான்" என்றார் வீரமுத்து.